விழுந்த மரத்துக்குப் பின்னால் ஒரு பாதை

டூரம் காட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன் என்று பதினொரு வருடமாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் எங்கள் வீட்டிலிருந்து புரொக் வீதியால் வடக்கே ஏறினால் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். 407 நெடுஞ்சாலையைக் கடந்ததும் வீடுகள் குறைந்து சோளக் காணிகளும் குதிரைப் பண்ணைகளும் வரும். நிலம் தெரியாமலே உயர்ந்துகொண்டு போகும். அக்ஸ்பிரிட்ஜுக்குக் கொஞ்சம் முன்னால் கொன்செஷன் 7இல் திரும்பினால் மரங்களுக்குள் வாகனத் தரிப்பிடம். 2011இல் பாவித்த மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு முதல்முறையாக அங்கே போனேன். அதன் பிறகு, சேறு காயும் ஏப்ரல் கடைசி தொடங்கி முதல் பனி விழும்வரை, ஞாயிறு காலையில் என்னைத் தேடுகிறவர்கள் அங்கேதான் தேட வேண்டும். கிழமையில் ஐந்து இரவு எனக்குக் களஞ்சியத்தில் வேலை. பெட்டி நகர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்குள் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் எவ்வளவு பெரிது என்பது இரவு வேலை செய்தவர்களுக்கு விளங்கும்.

ஓடியது எப்போதும் ஒரே வட்டம். அகன்ற வண்டில் பாதையால் காட்டைச் சுற்றி 11 கிலோமீற்றர். எந்த வளைவில் மணல் இளகிக் கிடக்கும், எந்த ஏற்றத்துக்கு முன்கூட்டியே கியர் மாற்ற வேண்டும், செப்டெம்பரில் எந்த மேப்பிள் முதலில் சிவக்கும், எல்லாம் மனப்பாடம். சந்திகளில் இலக்கமிட்ட கட்டைகள் நிற்கும். நான் இலக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

பாதையின் இரண்டு பக்கமும் ஒற்றையடிப் பாதைகள் பிரிந்து மரங்களுக்குள் மறைவதைக் கண்டுதான் இருந்தேன். இளம் பெடியங்கள் ஒரு பக்கத்தால் புழுதியோடு பாய்ந்து வந்து, எனக்குக் குறுக்கே கடந்து, மற்றப் பக்கத்தால் மறைந்துபோவார்கள். நான் ஒருநாளும் அதற்குள் திரும்பியதில்லை.

காரணம் பயம்தான். நான் இலங்கையில், வன்னியின் ஒட்டுசுட்டான் பக்கத்தில் வளர்ந்தவன். வேலிக்கு அங்கால் காடு தொடங்கும் ஊர். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போக வீட்டுக்கு வருவோம். வீரை எது, முதிரை எது, கருங்காலி எது என்று பட்டையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த வயதில் சண்டை எங்கள் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு காட்டில் ஒரே ஒரு சட்டம்: ஆள் நடந்த தடத்தை விட்டுக் காலை எடுக்காதே. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நிற்கும் இடத்திலும் எடுக்காதே, பலகை இல்லாத இடத்திலும் எடுக்காதே. மிதிவெடியில் கால் போன ஒருவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார். நாடு மாறி, வருடங்கள் போய், பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்ந்த பின்னும் அந்தச் சட்டம் என் காலுக்குள் இருந்தது. கனடாவில் காட்டுக்குள் எதுவும் புதைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்திருந்த கைக்குத்தான் அது தெரியவில்லை.

2022 மே 21, விக்ரோறியா தின விடுமுறையின் சனிக்கிழமை. மத்தியானம் கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. ‘டெரேச்சோ’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். புயல் மாதிரிச் சுழலாமல், ஒரு சுவர் மாதிரி நேராகத் தள்ளிக்கொண்டு போகும் காற்று. தெற்கு ஒன்ராறியோவில் கிளம்பி கியூபெக் வரை ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் ஓடியது. சில இடங்களில் மணிக்கு 190 கிலோமீற்றர் வேகம். அக்ஸ்பிரிட்ஜில் அதற்குள்ளேயே ஒரு சுழற்காற்றும் இறங்கியது. சுழற்காற்றின் பலத்தைச் சொல்லும் அளவுகோலில் இஎஃப் 2 தரம் என்று பிறகு அளந்து சொன்னார்கள். ஊரில் கூரைகள் போயின, மின்சாரம் நாட்கணக்கில் இல்லை, அவசரநிலை அறிவித்தார்கள். காட்டில் மரங்கள் விழுந்து பாதைகள் அடைபட்டுப்போயின.

யூலையில் மறுபடி போனேன். என் வட்டத்தின் மூன்றாவது கிலோமீற்றரில் ஓர் இறக்கம் இருக்கிறது. பகலிலும் அங்கே இருட்டு, அவ்வளவு நெருக்கமான பைன் மரங்கள். அந்த இடத்தில் வானம் தெரிந்தது. சில மரங்கள் வேரோடு சாய்ந்து, சில ஆள் உயரத்தில் முறிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. முறிந்த இடங்களில் மரம் இன்னும் மஞ்சளாக ஈரத்தோடு இருந்தது. பிசின் மணம் தொண்டைவரை வந்தது. பாதையைக் காணவில்லை. இலக்கக் கட்டையைத் தேடினேன், அதையும் காணவில்லை. பதினொரு வருடம் ஓடிய இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு தரிப்பிடத்துக்குத் திரும்பினேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெடியன் ஒருவன் காரின் பின்கதவைத் திறந்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். என்னை ஒருமுறை பார்த்தான், பிறகு இன்னொருமுறை பார்த்தான்.

“அண்ணை, தமிழோ?”

“ஓம் தம்பி.”

“உந்தப் பெரிய பாதை இன்னும் துப்புரவாக்கி முடியேல்லை. நீங்கள் மேற்காலை போங்கோ. முதல் சந்தி தாண்ட ஒரு பெரிய பைன் விழுந்து கிடக்கு. அதுக்குப் பின்னாலை ஒற்றையடிப் பாதை ஒண்டு துவங்குது. வலு வடிவான பாதை.”

“புதுசா வெட்டினவையோ?”

“இல்லை அண்ணை. நான் பள்ளிக்கூடம் படிக்கேக்கையே இருந்தது.”

விழுந்த பைனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அது என் வட்டத்திலிருந்து இருபது அடி தூரம். ஞாயிறுக்கு ஞாயிறு அதன் வாசலைக் கடந்து போயிருக்கிறேன். திரும்பிப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது பாதையின் நடுவில் ரயர் தடம் ஒன்று தெரிந்தது. அன்று காலையில் யாரோ போன தடம், ஈர மணலில் பூக்கள் மாதிரி அச்சு. ஆள் போன தடம். அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

வண்டில் பாதையில் உடம்பு சும்மா இருக்கும், கால் மட்டும் மிதிக்கும். ஒற்றையடிப் பாதையில் சும்மா இருக்கிற பாகம் என்று ஒன்று கிடையாது. ஹாண்டிலின் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இடைவெளி விட்டு இரண்டு மரம். அதைத் தாண்டியதும் இடது பக்கம் வளைவு. வளைவு முடிவதற்குள் ஒரு வேர், வேருக்கு அப்பால் சின்ன இறக்கம், இறங்கிய வேகத்திலேயே ஏறி முடிக்க வேண்டிய மேடு. மரத்தைப் பார்த்தால் சைக்கிள் மரத்துக்குத்தான் போகும். மரங்களுக்கு நடுவில் இருக்கும் வெளியைப் பார்த்தால் வெளிக்குள் போகும். இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை, இரண்டு முறை தோளில் உரசிய பட்டைகள் சொல்லித் தந்தன.

முதல் மேட்டில் மூச்சு வாங்க நின்றபோதுதான் அந்த மரங்களை உண்மையில் பார்த்தேன். எல்லாம் ரெட் பைன். செம்மண் நிறத்தில் செதில் செதிலாகப் பட்டை, கிளையில்லாமல் நேரே ஏறி உச்சியில் மட்டும் பச்சை. வண்டில் பாதை இந்த மரங்களின் நிரைக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. அதனால் இத்தனை வருடமும் எனக்கு அது இரண்டு பக்கமும் ஒரு மரச்சுவர். ஒற்றையடிப் பாதை நிரைகளைக் குறுக்குச் சரிவாக வெட்டிப் போகிறது. சைக்கிளில் போகப் போக நிரைகள் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். ஒரு கணம் கலைந்த மரக்கூட்டம், அடுத்த கணம் சீப்பின் பற்கள் மாதிரி நேர்கோடுகள், ஒவ்வொரு இடைவெளியிலும் கடைசிவரை வெளிச்சம். காடு இப்படி நேர்கோட்டில் முளைக்காது. இது யாரோ நட்டது. பதினொரு வருடம் அதற்குள் ஓடியும் எனக்கு அது தெரியாது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படித்ததில் சிலதை இங்கே சொல்ல வேண்டும்.

காடு இருக்கும் மேட்டுக்குப் பெயர் ஓக் றிட்ஜஸ் மொறெய்ன். நயாகரா மலைவிளிம்பிலிருந்து கிழக்கே ட்ரென்ற் ஆற்றுப் பக்கம்வரை ஏறக்குறைய 160 கிலோமீற்றர் நீளம். சுமார் 13,000 வருடத்துக்கு முன் இரண்டு பெரும் பனிப்படலங்களுக்கு இடையில் உருகிய நீர் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும்தான் இந்த மேடு. மிசிசாகா மக்கள் வேட்டையாடித் திரிந்த நிலம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் வெள்ளைப் பைன்களைப் பலகைக்கும் கப்பல் பாய்மரத்துக்கும் வெட்டினார்கள், மிச்சத்தை எரித்துவிட்டுக் கோதுமை போட்டார்கள். கொஞ்சக் காலம் விளைந்தது. மேல்மண் மெல்லிய ஒரு போர்வை. அது போனதும் கீழே இருந்த மணல் காற்றில் எழும்பியது. வேலிகள் புதைந்தன, வீதிகளை மணல் மூடியது, குடும்பங்கள் காணியை விட்டுவிட்டுப் போயின. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் இது ஒன்ராறியோ என்று நம்ப மாட்டீர்கள். மணற்காடு எங்கே என்று கேட்டால் வடமராட்சியைச் சொல்லும் எங்கள் ஆட்களுக்கு அந்தப் படம் உடனே பிடிபடும்.

எட்மண்ட் ஸாவிற்ஸ் என்ற வனத்துறையாளர் 1908இல் இந்தப் பாழ்நிலங்களைப் பற்றி அறிக்கை எழுதினார். மரம் நட்டால்தான் மண் நிற்கும் என்று அதிகாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார். அரசாங்க நாற்றுமேடை வந்தது. பக்கத்து யோர்க் பிராந்தியத்தில் 1924இல் விவியனில் நடத் தொடங்கினார்கள். டூரம் காட்டின் பைன்களும் அந்த முயற்சியின் வழி வந்தவைதான். வரண்ட வெறும் மணலிலும் பிடிக்கிற மரம் என்பதால் ரெட் பைனைத் தெரிந்தெடுத்தார்கள். கையால், நிரை நிரையாக.

அடுத்த ஞாயிறு அதே மேட்டில் குந்தியிருந்து ஊசியிலை ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். இரண்டு இரண்டாகச் சேர்ந்த நீட்டு இலை, விரல் நீளத்துக்கும் மேல். வளைத்தால் வளையாது, ‘டிக்’ என்று முறியும். ரெட் பைனை அடையாளம் காண இந்த ஒரு சோதனை போதும். வெள்ளைப் பைன் என்றால் ஐந்து ஐந்தாக, மெத்தென்று வளைந்து கொடுக்கும். முறிந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு பைன்களுக்குக் கீழே பார்த்தேன். இடுப்பளவு, தலையளவு உயரத்தில் மேப்பிளும் ஓக்கும் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றை யாரும் நடவில்லை. பைன் நிழல் கொடுத்து, இலை கொட்டி, மண்ணை நிறுத்தி வைத்தது. பழைய காடு அந்த நிழலுக்குள் தானாகத் திரும்பி வருகிறது. இடைக்கிடை சில நிரைகளை வெட்டி வெளிச்சம் விடுவதும் அதற்காகத்தான். பைன் நிரைகளை வெட்டுவதைக் கண்டு நான் முன்பு மனம் நொந்திருக்கிறேன். காரணத்தைத் தெரிந்துகொள்ள இவ்வளவு காலம் எடுத்தது.

இரண்டாவது கிழமை இன்னொன்று நடந்தது. ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து போய் ஓர் அகன்ற பாதையைக் கடந்தது. நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். நல்ல இடம், இங்கே ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பத்து விநாடிக்குப் பிறகுதான் தெரிந்தது, அது என் சொந்த வட்டம். பக்கவாட்டிலிருந்து நான் அதைக் கண்டதே இல்லை. அந்த இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நெடுநேரம் இருந்தேன்.

பெடியனும் நானும் அதன் பிறகு அடிக்கடி சேர்ந்து ஓடினோம். எனக்குத் தெரியாதவற்றை மரியாதையாகச் சொல்லித் தருவான். என் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டு, “அண்ணை, காத்து கூடிப்போச்சு. கல்லு மாதிரிக் கிடக்கு” என்றான். ஊரில் சைக்கிளுக்குக் காற்று அடிப்பது என்றால் கல்லு மாதிரி அடிப்பதுதான். இங்கே மணலிலும் வேரிலும் ரயர் கொஞ்சம் அமிழ்ந்து நிலத்தைப் பிடிக்க வேண்டும். ரியூப் இல்லாத ரயர் மாற்றினேன். உள்ளே பால் மாதிரி ஒரு திரவம், முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். முன்பு 38 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அடித்துக்கொண்டிருந்த நான் 24க்கு இறக்கினேன். வேரின்மேல் சைக்கிள் துள்ளுவது நின்றது. ட்ரெயில்ஃபோர்க்ஸ் வரைபடத்தையும் அவன்தான் என் போனில் போட்டுத் தந்தான். பச்சை, நீலம், கறுப்பு. பனிச்சறுக்கு மலைகளில் போடும் அதே நிறங்கள், இலகுவிலிருந்து கடினத்துக்கு. திரையில் காடு முழுவதும் நூல் பந்தைப் பிரித்துப் போட்ட மாதிரிக் கோடுகள். என் வட்டம் அதற்குள் ஒரு கோடு.

அந்த வருடம் முழுக்க நான் சின்னப் பிள்ளை மாதிரித் திரிந்தேன். ஒரு பாதையில் சீடர் மரத்துண்டுகளைக் குறுக்கு நெடுக்காக அடுக்கிய பழைய வேலி, பாசி பிடித்து முழங்கால் உயரத்தில் கிடந்தது. காட்டுக்கு நடுவில் ஒரு காணியின் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் யாரோ கோதுமை விதைத்திருப்பார்கள். இன்னொரு பாதை ஒரு பள்ளத்தின் விளிம்பைச் சுற்றிப் போனது. கிண்ணம் மாதிரி வட்டமான பள்ளம், உள்ளே போகவும் வரவும் ஓடை கிடையாது. பனிப்படலம் போனபோது பெரிய பனிக்கட்டி ஒன்று மணலுக்குள் புதைந்து, பிறகு மெல்ல உருக, மேலிருந்த மணல் இறங்கி உண்டான குழி. இங்கே இதைக் கேத்தில் என்றுதான் சொல்கிறார்கள், எங்கள் தேத்தண்ணிக் கேத்திலேதான். யூலையில் அடி காய்ந்து கிடந்தது. அடுத்த ஏப்ரலில் போனபோது கறுப்புத் தண்ணீர் நின்றது, காதைப் பிளக்கும் சத்தம். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தவளைகள், பீப்பர் என்று பெயர். நூற்றுக்கணக்கில் சேர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கிட்டப் போனால் எல்லாம் ஒன்றாக நிற்கும். அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் ஒன்று தொடங்கும், பிறகு எல்லாம் தொடங்கும். மே மாதம் அதே விளிம்பில் ட்ரில்லியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. மூன்று இதழ், மூன்று இலை, ஒன்ராறியோவின் பூ. பாதையை விட்டுச் சில்லு இறங்கினால் முதலில் நசிவது அதுதான். மிதிபட்ட செடி மறுபடி பூக்க வருடக்கணக்கில் எடுக்கும்.

வீட்டில் ஒரு சோதனை எப்போதும் உண்டு. வாசலிலேயே மனைவி கேட்பா, “உண்ணி பாத்தனீங்களோ?” கறுங்கால் உண்ணி இந்தப் பகுதியிலும் பரவியிருக்கிறது, லைம் நோய் அதனால்தான் வருகிறது. முழங்காலுக்குப் பின்னால், காற்சட்டை மடிப்பில், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்ப்பா. இந்த விஷயத்தில் நான் சோம்பல்பட்டதில்லை, நீங்களும் படாதீர்கள்.

ஒரு பிழை விட்டேன், அதையும் எழுத வேண்டும். புதுப் பாதை தேடும் ஆசையில் 2023 ஒக்ரோபரில் வரைபடத்தில் இல்லாத ஒரு தடத்துக்குள் இறங்கினேன். அதன் வாசலில் காய்ந்த கிளைகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். காற்றில் விழுந்தவை என்று எண்ணி விலக்கிவிட்டுப் போனேன். சரிவில் நேரே கீழே விழும் பாதை. நடுவில் தண்ணீர் அரித்த வாய்க்கால், இலைகள் மூடியிருந்ததால் தெரியவில்லை. முன்சில்லு அதற்குள் இறங்கியது, நான் தோளில் விழுந்தேன். ஆறு கிழமை கை தூக்க முடியவில்லை. பெடியனிடம் சொன்னபோது அவன் முகம் மாறியது. “அண்ணை, அது மூடின பாதை. ஆரோ களவா வெட்டினது. மண் முழுக்கக் கழுவுப்பட்டுப் போகுதெண்டு எங்கடை ஆக்கள்தான் கிளை போட்டு மறிச்சவை.” நான் விலக்கியது காற்றில் விழுந்த கிளையல்ல, யாரோ ஒரு நாள் மினக்கெட்டு அடுக்கிய கிளை. தோள் நோவைவிட அதுதான் எனக்குக் கூட நொந்தது.

தோள் தேறியதும், அடுத்த வசந்தத்தில், பாதை திருத்தும் நாளுக்குப் போனேன். சைக்கிள்காரரும் நடப்பவர்களுமாக இருபது பேர்வரை வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கருவி. எனக்குத் தந்தது ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பல்லுப் பல்லாக வாருகோல். ஓய்வுபெற்ற ஒரு மனிதர் எங்களுக்கு வேலை காட்டினார். எழுபது வயதிருக்கும், கையில் ஒரு சின்னச் சாய்வுமானி. பாதை சரிவில் நேரே இறங்கக் கூடாது, சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும் என்றார். மலைச்சரிவு நூறு அடிக்கு இருபது அடி இறங்கினால் பாதை பத்து அடிக்கு மேல் இறங்கக் கூடாது, பாதிக்குப் பாதி. அதைத் தாண்டினால் தண்ணீர் சரிவைக் கடந்து போகாது, பாதையையே தன் ஓடையாக்கிக்கொள்ளும். பாதையின் வெளிப்பக்கம் ஒரு விரல் இரண்டு விரல் தாழ்ந்திருக்க வேண்டும். போகப் போக இடைக்கிடை ஒரு சின்னப் பள்ளமும் மேடும் வைக்க வேண்டும். அங்கே வந்ததும் தண்ணீர் வெளியே திரும்பிவிடும்.

அவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போக எனக்குள் ஒரே ஒரு சொல் வந்தது: வக்கடை. வயல் வரம்பில் தண்ணீர் வெளியேற வெட்டி விடும் வாய். அப்பா மழைக்காலத்தில் விடிய முன்னம் மண்வெட்டியோடு போவார். வரம்பில் நின்று தண்ணீரைப் பார்ப்பார், ஒன்றும் பேச மாட்டார், பிறகு ஓர் இடத்தில் நாலு வெட்டு. அவ்வளவுதான், தண்ணீர் திரும்பும். எட்டு வயதில் அவருக்குப் பின்னால் லாம்பு பிடித்துக்கொண்டு நின்றது ஒன்ராறியோவில் எனக்குப் பயன்படும் என்று நினைத்திருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு விட்ட இருபது மீற்றரில் இரண்டு இடத்தில் வக்கடை வெட்டினேன். அந்த மனிதர் வந்து குனிந்து பார்த்தார், கையால் மண்ணைத் தட்டினார், “நீ இந்த வேலை முன்னம் செய்திருக்கிறாய்” என்றார். ஓம் என்றேன்.

இந்த மேட்டில் விழும் மழையில் பெரும்பகுதி மணலுக்குள் இறங்கி விடும். அதனால்தான் மற்றக் காடுகள் சேறாகக் கிடக்கும்போதும் மழை விட்ட அடுத்த நாளே இங்கே ஓடலாம். உள்ளே இறங்கிய தண்ணீர் வடிகட்டப்பட்டு, குளிர்ந்து, சரிவின் அடியில் ஊற்றாக வெளியே வரும். வடக்குப் பக்கம் வருவது சிம்கோ ஏரிக்கு, தெற்குப் பக்கம் வருவது ஒன்ராறியோ ஏரிக்கு. தெற்கே இறங்குவதில் ஒன்று டஃபின்ஸ் ஓடை. அது எங்கள் ஏஜாக்ஸுக்குள்ளால்தான் ஏரிக்குப் போகிறது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சமன் மீன்கள் அந்த ஓடையில் எதிர்நீச்சல் போட்டு ஏறுவதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தத் தண்ணீர் எந்த மேட்டிலிருந்து வருகிறது என்று அவர்களுக்கு இப்போதுதான் சொல்ல முடிகிறது. இந்த மேட்டைக் காக்க 2001இல் மாகாணம் தனிச்சட்டமே கொண்டுவந்தது. நகரம் வடக்கே நகர்ந்துகொண்டே வருகிறது, 407க்கு அப்பாலும் வீட்டுப் பலகைகள் எழும்புகின்றன. அந்தச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2024 ஒக்ரோபர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், தனியே போனேன். முதல் நாள் இரவு நல்ல மழை. கிழக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு பாதை வாயைக் கண்டேன். இலைகளை வாரி ஒதுக்கியிருந்தார்கள், மறிப்பு ஒன்றும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தேன், இருக்கிறது, நீலக்கோடு. அதற்குள் ஏறினேன். சரிவுக்குக் குறுக்கே இதமாக ஏறும் பாதை, ஓக் இலைகள் சில்லுக்குக் கீழே நொறுங்கின, பைன் நிரைகள் ஒருபக்கம் திறந்து மூடின. ஐந்து நிமிடம் போனபின் பாதை ஒரு சின்னப் பள்ளத்துக்குள் இறங்கி எழும்பியது. உடம்புக்கு அந்த இறக்கம் தெரிந்த மாதிரி இருந்தது. பிறேக் பிடித்தேன்.

நான் வெட்டிய இடம். வசந்தத்தில் மேலிருந்து இறங்கி வந்து வேலை செய்துவிட்டு மேலேயே ஏறிப் போயிருந்தேன். கீழிருந்து வந்ததால் பிடிபடவில்லை. குந்தியிருந்து பார்த்தேன். பாதையின் நடுவால் வந்த பைன் ஊசிகள் பள்ளத்துக்கு வந்ததும் ஒரே சீராக வளைந்து, வெளிவிளிம்பில் ஒரு கோடாகப் படிந்திருந்தன. விளிம்புக்கு அப்பால் பன்னச் செடிகளுக்கு நடுவே நுண்மணல் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது, இன்னும் ஈரம். பள்ளத்துக்குக் கீழே பாதை ஊறிப்போகாமல் இறுகிக் கிடந்தது.

படம் எடுத்து ஒட்டுசுட்டானுக்கு அனுப்பினேன். அங்கே விடிந்திருக்காது. காரில் சைக்கிளை ஏற்றி வீட்டுக்கு வந்து, குளித்து, உண்ணி பார்த்து, சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவின் குரல் பதிவு வந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

“தம்பி, தண்ணி வடிவா வெளியிலை போயிருக்கு. ஆனா வாய் ஒடுக்கம். மாரியிலை இலை வந்து அடைச்சுப்போடும். இன்னும் ஒரு சாண் அகட்டி விடு.”

சனிக்கிழமை திருத்த வேலை இருக்கிறதாம். பெடியனுக்கு அடித்துச் சொல்லிவிட்டேன், காலை எட்டு மணிக்குத் தரிப்பிடத்தில் நிற்பேன் என்று.